வலி நின்ற நான்காம் நாள்

வலி நின்றுவிட்டால் நோய் போய்விட்டது என்று உங்களுக்கு யார் சொன்னது?

சங்கிலிப்பாண்டிக்கு ஊரே சொன்னது. அவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் சரக்குக் கிட்டங்கியில் சுமை தூக்கினார். 1987 தை மாதம், நாலு பேர் புரட்ட வேண்டிய பஞ்சுப் பொதியான பேலை இரண்டு பேராகப் புரட்டியபோது இடுப்பில் சுளீரென்றது. வலி இடது கால்வரை இறங்கியது.

“சுளுக்குலே. லீவு வேணும்னா நேரா கேளு, ஏன் நடிக்கே?” என்று சிரித்தார் மேஸ்திரி ஐயாதுரை.

கால் முதலில் வெளிவந்து பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விலகுமாம். மனைவி முத்தாத்தாள் அப்படி ஒருவரைக் கூமாப்பட்டியிலிருந்து கூட்டி வந்தாள். குப்புறப் படுக்கவைத்து மூன்று நாள் மிதித்தார்.

நான்காம் நாள் வலி இல்லை.

“பாத்தியளா, எம்புட்டு லேசா போச்சு!” முத்தாத்தாள் தெருவெல்லாம் சொன்னாள். மேஸ்திரி வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

சங்கிலிப்பாண்டிக்கோ செருப்பு கழன்று பின்னால் கிடப்பது திரும்பிப் பார்த்தால்தான் தெரிந்தது. உட்காரும் இடம் மரத்திருந்தது. சிறுநீர் அடைத்துக்கொண்டது. இதைப் போய் யாரிடம் சொல்வது? வயிறு கல்லாக வீங்கிய ஆறாம் நாள்தான் சொன்னார்.

“ஏட்டி, ரெண்டு நாளா ஒண்ணுக்கு வரல.”

“எங்கிட்ட என்ன வெக்கம் உங்களுக்கு? அன்னைக்கே சொல்லக் கூடாதா?”

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார்கள். டாக்டர் பரிபூரணம் கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னார். எழவில்லை. பிட்டத்தில் ஊசியால் குத்தினார். உறைக்கவில்லை.

“வலிதான் போயிருச்சே, டாக்டரம்மா?”

“வலியச் சொல்ற நரம்பே செத்துக்கிட்டிருக்குய்யா. முதுகெலும்புக்கு நடுவுல இருக்க ஜவ்வு பிதுங்கி நரம்ப அமுக்குது. மரத்த அன்னைக்கே வந்திருக்கணும். இப்பமே மதுரைக்குப் போங்க.”

மதுரையில் அறுவை செய்தார்கள். காலம் கடந்திருந்தது. பாதம் நிமிரவில்லை, சிறுநீருக்குக் குழாய் நிலைத்துவிட்டது. ‘பேல் தூக்கியதால் அல்ல, மிதித்ததால் வந்த கேடு’ என்று எழுதி, நஷ்டஈடு தராமல் ஆலை கைகழுவியது. அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் ஐயாதுரை.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. இப்போதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு யார் நடந்தாலும் சங்கிலிப்பாண்டி மறிக்கிறார்: “வலி கிடக்கட்டும். ஒண்ணுக்கு ஒழுங்கா போகுதா? அடியில மரமரப்பு இருக்கா?”

“பெருசுக்கு வேற பேச்சே இல்ல” என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

நீங்கள் சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் இடுப்பு வலிக்காரர் இருந்தால் அதே கேள்வியைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். மரத்திருக்கிறது, அடைத்திருக்கிறது, கால் தளர்கிறது என்று பதில் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.