மதினியும் பொட்டு வைத்த பல்சக்கரங்களும்

திருமங்கலத்தில் ஒரு நிச்சயதார்த்த வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, உள்ளே தட்டு மாற்றி முடியட்டும் என்று காத்திருந்தேன். வெயிலில் வேர்க்க விறுவிறுக்க சைக்கிளில் வந்து சேர்ந்தார் எங்கள் பக்கத்து வீட்டு ராவுத்தர். வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "மாப்ள, வண்டிய எடு. தங்கச்சி போயிருச்சுப்பா" என்றார். அவர் தங்கச்சி என்று கூப்பிடுவது என் மதினியை. நெஞ்சு வலிக்கிறது என்று சுவரில் சாய்ந்தவர் அப்படியே அடங்கிவிட்டாராம். சவாரி பேசியவரிடம் போய்ச் சொன்னேன். "நீங்க போங்க தம்பி, நாங்க பஸ் பிடிச்சு வந்துக்கிறோம்" என்றார் அவர். அவர் மகளை ஒரு மழைநாளில் பிரசவத்துக்கு மதுரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது எங்கள் கார்தான். ஊர் திரும்பும்போது எப்படி ஓட்டினேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

என் மதினி செல்லத்தாயம்மாளை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தெற்குவாசலிலிருந்து வில்லாபுரம் போகிற வழியில் 'கார் வீட்டம்மா' என்று கேட்டால் மாடு மேய்ப்பவர்கூடக் கை காட்டுவார். என் அண்ணன் முத்தையாவின் மனைவி. அவருக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்றால், தெரியாது. ஸ்டியரிங்கை ஒருநாளும் தொட்டதில்லை. ஆனால் அதன் வயிற்றுக்குள் இருந்தது அத்தனையும் அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவருக்குக் கூச்சமும் கிடையாது, அடக்கமும் கிடையாது. "எனக்குத் தெரியும், நீங்க தள்ளுங்க" என்பதுதான் அவர் வாயில் அடிக்கடி வருகிற வார்த்தை.

தெரிந்துகொண்ட விதம் வேடிக்கையானது. அண்ணன் அந்தப் பழைய காரை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து, ஏதாவது சத்தம் கேட்டால் போதும், பின்கட்டில் போட்டு அக்கக்காகக் கழற்றிவிடுவார். கழற்றுவதில் அசகாய சூரர். மாட்டும்போதுதான் கதை கந்தலாகிவிடும். எது எங்கே இருந்தது என்று அடியோடு மறந்துபோவார். மதினி ஒரு கோரைப்பாயை விரித்து, கழற்றக் கழற்ற ஒவ்வொன்றையும் வாங்கி வரிசையாக வைப்பார். மாட்டும்போது கடைசியில் வைத்ததை முதலில் எடுத்துக் கொடுப்பார். "உங்க அண்ணனுக்குக் கையி இருக்கு, நெனப்பு இல்ல. அதுக்குத்தான் என்னையக் கட்டி வச்சிருக்காக" என்று அண்ணன் முன்னாலேயே சொல்வார். அண்ணன் சிரித்துக்கொண்டே அடுத்த திருகாணியைக் கேட்பார்.

உலகச் சண்டை நடந்த காலத்தில் ஒருநாள் உசிலம்பட்டியிலிருந்து வரும் வழியில் கியர் பெட்டிக்குள் மடமடவென்று ஒரு சத்தம். இரண்டாவது கியரில் போட்டால் வண்டி உதறியது. அண்ணன் வழக்கம்போலப் பெட்டியை இறக்கிப் பிரித்துப் பார்த்தார். இரண்டாவது கியரின் பல்சக்கரத்தில் பற்கள் உடைந்திருந்தன. கடைகளில் கேட்டால், கப்பலே வரவில்லை, சாமான் எங்கிருந்து வரும் என்று கையை விரித்தார்கள். மாற்று தேடி அலைந்துகொண்டிருந்தபோதே அண்ணனுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பிழைக்கவில்லை. கியர் பெட்டியின் உறுப்புகள் அவர் பிரித்து வைத்தபடியே கோரைப்பாயில் சாக்குப் போர்த்திக் கிடந்தன.

காரியம் முடிந்ததும் ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். "வண்டிய வித்துருவோம். பஞ்சு வியாபாரி ஒருத்தர் கேக்குறாரு. வீட்டக் காலி பண்ணிட்டுச் சின்னவன் நம்ம ஊருக்கு வந்து வெள்ளாமையப் பாக்கட்டும். ஏத்தா, நீ பொட்டியக் கட்டு. ஒன் தம்பிக வீட்டுல போயி இருந்துக்க."

அவர் கெட்டவர் இல்லை. ஊர் வழக்கம் எதுவோ அதைச் சொன்னார். ஆனால் கார் போனால் அந்த வாடகை வீடு போகும். வீடு போனால், பிள்ளை இல்லாத மதினி, தம்பி பெண்டாட்டிகள் ஆக்கிப் போடுகிற சோற்றுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து காலம் தள்ள வேண்டும். மதினி அசரவில்லை. "விஜயதசமி வரைக்கும் பொறுங்க மாமா. அன்னைக்கு அந்தப் பஞ்சுக்காரரக் கூட்டிக்கிட்டு வாங்க. வண்டி ஓடலேன்னா நானே பொட்டியக் கட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். "கியர் பெட்டிய யாரு மாட்டுவா?" என்று பெரியப்பா கேட்டார். "நானும் கொழுந்தனாரும்" என்றார். கொழுந்தனார் என்பது நான்தான். எனக்கே அப்போதுதான் தெரியும்!

சாமான் தேடி அலையோ அலை என்று அலைந்தோம். கடைசியில், கப்பலூருக்கு அப்பால் ஒரு பருத்தி அரைவை மில்லின் முற்றத்தில் அதே ஜாதிக் கார் ஒன்று சக்கரமில்லாமல் துருப்பிடித்துக் கிடப்பதாக ராவுத்தர் துப்புக் கொண்டுவந்தார். ஆயுத பூஜையன்று காலையில்தான் மில்காரர் வரச் சொன்னார். நானும் மதினியும் போய், அந்தக் காரின் வயிற்றைத் திறந்து, வேண்டிய சக்கரத்தை எடுத்துக்கொண்டு உச்சிவெயிலில் வீடு திரும்பினோம். பற்கள் பழுதில்லாமல் இருந்தன. வழியெல்லாம் மதினி அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கோரைப்பாய் காலியாக இருந்தது. சாமி படத்துக்கு முன்னால் கியர் பெட்டியின் அத்தனை உறுப்புகளும் புளி போட்டுத் தேய்த்துக் குளித்து, சந்தனம் பூசி, பொட்டு வைத்து, செம்பருத்தி சூடி உட்கார்ந்திருந்தன. பல்சக்கரங்கள், அலமாரிப் பாத்திரம் போலப் பெரியதன்மேல் சிறியதாக அடுக்கியிருந்தன. தண்டுகள் இரண்டும் படத்துக்கு இரண்டு பக்கமும் தூண் மாதிரி நின்றன. வளையங்களை ஒரு நூலில் கோத்து மாலையாகவே போட்டிருந்தாள், என் மனைவி பாக்கியம்.

"அடிப்பாவி! வரிசையக் கலைச்சுட்டியே!" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் தெரு முழுக்கக் கேட்கும்.

பாக்கியம் அழுதுகொண்டே மதினியிடம் சொன்னாள். "ஆயுத பூசைக்கு ஆயுதத்தச் சும்மா விடப்படாதுல்லக்கா. ஒங்க கையால பொட்டு வைக்கக் கூடாதுன்னு நாளைக்கு வர்ற பெரிய மாமா ஒரு சொல்லுச் சொல்லிட்டா? அதான் நீங்க வாரதுக்குள்ள நானே அம்புட்டையும் தேச்சு…"

மதினி அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அண்ணன் செத்த அன்றைக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். கொஞ்ச நேரம்தான். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் திரும்பினார். "எதுக்கு இந்தக் கத்துக் கத்துறீக? காணாமலா போச்சு? எல்லாம் இங்கனதான இருக்கு. என்னமோ கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்துருக்குக."

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. "தொடத்தான கூடாது, பாக்கலாம்ல?" என்று சொல்லிவிட்டு மதினி சாமி படத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பூஜைக்கு வந்த தெருக்காரப் பெண்கள், பாவம், சாமியிடம் மனமுருகி வேண்டுகிறாள் என்று நினைத்துச் சுண்டல் வாங்கிக்கொண்டு சத்தம் போடாமல் போனார்கள்.

காலையில் கற்பூரம் காட்டியதும், "ம், ஆரம்பிங்க" என்றார். "எந்தப் பல்லு எதோட ஒரசித் தேஞ்சுருக்குன்னு நேத்தே பாத்துட்டேன். இந்தச் சக்கரம் ஒரு ஓரமாத் தேஞ்சுருக்கு பாருங்க. அதே ஓரம் தேஞ்ச இன்னொண்ணு அந்தா இருக்கு. ரெண்டும் சோடி." அவர் எடுத்துக் கொடுக்க, நான் சந்தனத்தைத் துடைத்து எண்ணெய் விட்டு மாட்டினேன். ஒன்று போனது, இன்னொன்று போனது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. எல்லாம் மாட்டியபின் தண்டைக் கையால் திருகினேன். அசையவில்லை.

"போச்சு மதினி. எல்லாம் போச்சு" என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்க போச்சு? கழட்டுங்க" என்றார். திரும்பப் பிரித்தோம். தண்டு நுழைகிற பித்தளைக் குழாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். விரலில் மஞ்சளாக ஏதோ வந்தது. பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "ஏ பாக்கியம்! இங்க வந்து பாரு. உள்ள போயிக்கூடச் சந்தனம் பூசியிருக்கியேடி! காஞ்சு கல்லாக் கெடக்கு!" பாக்கியமும் சிரித்தாள். கடைசியில் நானும் சிரித்தேன். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி மாட்டினோம். தண்டு வெண்ணெய் மாதிரி சுழன்றது. ராவுத்தரும் அவர் மகன்களும் வந்து தோள் கொடுத்துப் பெட்டியை வண்டிக்கடியில் ஏற்ற உதவினார்கள்.

பெரியப்பாவும் பஞ்சு வியாபாரியும் வெயில் தாழ வந்தார்கள். பின் ஸீட்டில் அவர்களை ஏற்றினேன். மதினி பின்னால் வராமல், முன்கதவைத் தானே திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தாலியறுத்து வருஷம் திரும்பாதவர் தெருவில் காரின் முன்னால் உட்கார்ந்து போனதை ஜன்னலுக்கு ஜன்னல் எட்டிப் பார்த்தார்கள். நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்து ஏற்றத்தில், "இப்பப் போடுங்க" என்றார். இரண்டாவது கியரில் போட்டேன். வண்டி முக்கவில்லை, முனகவில்லை, ஏறியது. வியாபாரி முகம் மலர்ந்து, "நல்லாருக்கே! அப்ப எடுத்துக்கலாம்" என்றார். மதினி திரும்பிக்கூடப் பார்க்காமல், "நல்லாருக்குல்ல? அதான் விக்கலை" என்றார்.

அதன்பிறகு அந்த வீட்டில் தீர்மானம் என்றால் மதினியுடையதுதான். எந்தச் சவாரிக்குப் போவது, எதற்கு மறுப்பது, எல்லாம் அவரே. பிரசவ வலி என்று யார் வந்தாலும் கல்யாணச் சவாரியையும் நிறுத்திவிட்டு அனுப்புவார். நான் தெருமுனை திரும்பும்போதே உள்ளிருந்து சத்தத்தைக் கேட்டு, "எண்ணெய் பாக்கலியா கொழுந்தனாரே?" என்பார். எரிச்சலாகத்தான் இருக்கும். போய்ப் பார்த்தால் எண்ணெய் குறைந்திருக்கும்.

அவர் இறந்த அன்று அவருடைய தம்பிமார் வந்தார்கள். "புள்ளகுட்டி இல்லாதவக. எங்க அக்காவ எங்க ஊருக்கே கொண்டுபோறோம்" என்றார்கள். நான் அழுதுகொண்டு நின்றேன். கண் மங்கிப்போய், பேரனைப் பிடித்துக்கொண்டு வந்திருந்த பெரியப்பாதான் கம்பைத் தரையில் தட்டினார்.

"யாரை எங்கப்பா கொண்டுபோறீக? இது அவ வீடு. நான் காலி பண்ணச் சொன்னேன், அவ பண்ணலை. இங்கன இருந்துதான் எடுக்கணும். கொள்ளி இந்தா இவன் வைப்பான்."

சொல்லிவிட்டு, அந்தப் பெரிய மனுஷர் மதினியின் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். தம்பிமார் தூக்குவதற்கு வந்து நின்றார்கள்.

மதினி, உங்கள் வீட்டு வாசலிலிருந்தே உங்களை அனுப்பி வைத்தோம். நல்லபடியாகப் போய் வாருங்கள்.