லேபுக்குப் போன சோளத்தட்டு

மாட்டுக்குப் போடும் காய்ந்த சோளத்தட்டை ஒரு கட்டு சுமந்துகொண்டு டவுன் பஸ்ஸில் போன அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. மூன்று மாதம் முன்பு கிடைத்தது. காந்திபுரத்தில் இறங்குவதற்குள் நாலு பேர் திட்டிவிட்டார்கள்.

காரணம், தொண்டாமுத்தூரில் இருக்கும் என் தங்கை சரோஜா. கன்றுக்குட்டியிலிருந்து அவள் வளர்த்த கலப்பினப் பசு, செவலை. இப்போது சினை வேறு. காலையில் ஆறு லிட்டர் கறந்தது நாலுக்கு இறங்கிவிட்டது. விலா எலும்பை எண்ணலாம். "கன்னு தங்குமாண்ணா?" என்று கேட்டாள்.

தீவனத்தை லேபில் கொடுத்துப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னவன் நான்தான். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு யோசனைக்கா பஞ்சம்? தட்டுப்போரில் மேலே, நடுவே, அடியிலே என்று பத்து இடத்தில் ஒவ்வொரு பிடி உருவி, கலந்து கொடுக்க வேண்டும். லேப் நோட்டீஸிலேயே அப்படித்தான் போட்டிருந்தது.

தங்கை கணவர் பழனிசாமி படித்தார். தலையாட்டினார். பிறகு என்ன செய்தார்? மழையில் நனையாத பக்கமாகப் பார்த்து, இலை உதிராத, பச்சை மாறாத தட்டாகப் பொறுக்கி, மண்ணைத் துடைத்து, கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். என் கல்யாணச் சீர்கூட இவ்வளவு நேர்த்தியாக வரவில்லை.

"மாப்ள, பத்து இடத்துல எடுக்கச் சொன்னாங்களே?"

"ஏனுங்க மச்சான்... ஆபீசருங்க பாக்கறதுங்க. கண்டதையும் குடுத்தா நம்மளப் பத்தி என்னங்க நெனப்பாங்க?"

நானும் கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். மரியாதைக்குப் பேர்போன ஊர் — இங்கே சோளத்தட்டுகூட குளித்துவிட்டுத்தான் வெளியூர் போகும்!

ரிசல்ட் வந்தது. அருமையான தட்டாம். புண்ணாக்கைக்கூடக் குறைத்துக்கொள்ளலாமாம். பழனிசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. காகிதத்தை ஃபிரேம் போட்டு மாட்டினார். புண்ணாக்கைப் பாதியாக்கினார். செவலைக்குக் கிடைத்ததோ, மழைத் தண்ணீர் இறங்கிக் கறுத்துப்போன அடித்தட்டு. பால் இரண்டு லிட்டருக்கு வந்தது. மாடு எழுந்து நிற்கவே தள்ளாடியது.

அவரைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா? நாலு நாள் சர்க்கரை போடாத காபி குடித்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போய், 'நார்மல்' என்று எழுதி வாங்கி, திரும்பும் வழியிலேயே ஜிலேபி சாப்பிட்டவன் நான். கோளாறைக் கண்டுபிடிக்கவா டெஸ்ட்? நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கத்தானே!

வெடித்தது சரோஜாதான். "ஏனுங்க, அந்தக் காயிதத்தக் கறந்து பாருங்க... எத்தன லிட்டர் வருதுன்னு பாக்கலாம்!" சொல்லிவிட்டு, போரின் அடியில் முழங்கை வரை கையை விட்டு உருவினாள். புழுங்கல் நாற்றம். கறுப்புப் பூஞ்சணம். பத்து இடத்திலும் எடுத்துக் கலந்து ஒரு பையில் திணித்தாள்.

பழனிசாமி ஓடிவந்து பையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மணி, இத எம்பேர்ல மட்டும் குடுத்துப்போடாத. மானமே போயிரும்." ஒரு நிமிடம் யோசித்தார். என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "மச்சான் பேர்ல குடு. அவருக்குத்தான் மாடே இல்லியே... என்ன கொறஞ்சுபோகுது?"

இரண்டாவது ரிசல்ட் என் பெயருக்கே வந்தது. 'தங்கள் தீவனத்தில் சத்து மிகக் குறைவு. பூஞ்சணம் பிடித்த தட்டை அறவே கொடுக்கக் கூடாது. புண்ணாக்கைக் கூட்டவும்.' கறுத்த தட்டு குப்பைக்குழிக்குப் போனது. புண்ணாக்கு தொட்டிக்கு வந்தது. மூன்றாவது வாரம் செவலை தானாக எழுந்து நின்று தொட்டியை நக்கியதாம். வயிற்றில் கன்று நன்றாக இருக்கிறது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். சரோஜா டெலிபோன் பூத்திலிருந்து போன் பண்ணி அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"ஏனுங்க, வாயில்லாச் சீவனுக்குப் போயி அப்படியாப்பட்ட தட்டையா போடுவீங்க?"

பழனிசாமி அந்த நேரம் பார்த்து, அண்ணாந்து தென்னையில் காய் எண்ணிக்கொண்டிருந்தார்.