மேப்பிள் மூலையில் நான் பட்டது

செடி விற்கிற வேலையில் செடியைப் பற்றித் தெரிந்திருப்பதுதான் பெரிய இடைஞ்சல். கவுண்டருக்குப் பின்னால் நின்று பழகியவர்களுக்கு இது புரியும்.

நான் கோவையில் தாவரவியல் எம்.எஸ்சி. படித்தவள். சிட்னிக்கு வந்து, லிட்கம் பக்கத்தில் ஒரு நர்சரியில் இரண்டு வருஷம் மண் மூட்டை அடுக்கினேன். அப்புறம்தான் மேனேஜர் மனமிரங்கி மேப்பிள் கன்றுகள் இருக்கும் மூலையை என் பொறுப்பில் விட்டார். ஒரே நிபந்தனை: விற்ற மரம் திரும்பி வரக் கூடாது, வந்துகொண்டே இருந்தால் மூலையை மூடிவிட்டு என்னை மறுபடி மூட்டைக்கே அனுப்பிவிடுவார். மரத்தை நான் பார்த்துக்கொள்வேன். அந்த இலையைக் கனடாக் கொடியிலும் மேப்பிள் பாகு பாட்டிலிலும் விளையாட்டுச் சட்டையிலும் பார்த்துவிட்டு வருகிறவர்களை என்ன செய்வது?

முனை எண்ணியவர்

யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர். தங்கை டொரன்டோவில் இருக்கிறாராம்; வீடியோவில் பேசும்போதெல்லாம் வாசல் மேப்பிளைக் காட்டிப் பெருமையடிக்கிறாராம். போட்டிக்கு ஒன்று வேண்டும். போனில் கனடாக் கொடியை எடுத்து, அதிலிருக்கும் இலைக்குப் பதினொரு முனை என்று காட்டிவிட்டு, என் ஜப்பானிய மேப்பிளின் இலையில் முனைகளை எண்ணினார். மேப்பிளில் எத்தனையோ வகை உண்டு, கொடியில் இருப்பது யாரோ வரைந்த படம் என்று பத்து நிமிஷம் தொண்டை வறளச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அன்ரி சொன்னார்:

"ஏழுதானே கிடக்கு பிள்ளை. மிச்ச நாலும் எங்க?"

துளை போட வந்தவர்

அடுத்தவர் ஐடிக்காரர், மதுரைப் பக்கம். இடுப்பளவுக் கன்றுக்கு முன்னால் நின்று, மேப்பிள் பாகு வடிக்க மரத்தில் எங்கே துளை போட வேண்டும் என்று கேட்டார். பிள்ளைகள் பான்கேக்கில் ஊற்றித் தின்கிறார்களாம். அது வேறு வகை மரம், வளரவே பல வருஷம் ஆகும், சிட்னிக் குளிரும் அதற்குப் பத்தாது என்றேன். நான் ஏதோ தொழில் ரகசியத்தை மறைப்பது மாதிரி முறைத்தார்.

"பாட்டில்ல இதே இலைதாங்க போட்டிருக்கு."

ஜூன் மாதத்து மரணம்

ஜூனில் இங்கே குளிர்காலம். மேப்பிள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும், வசந்தத்தில் துளிர்க்கும். விற்கும்போதே வாயாலும் சொல்வேன், சீட்டிலும் எழுதிக் கொடுப்பேன். அப்படியும் ஒரு டாக்டரம்மா மொட்டை மரத்தைக் காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார், மரம் செத்துவிட்டதாம். மேனேஜர் எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பச்சையைக் காட்டினேன், உயிர் இருக்கிறது என்றேன். டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"டெத்தைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

புதுச் சரக்கு

அந்த மாதம் இதே மாதிரி இன்னும் ஆறு மரங்கள் திரும்பி வந்தன. ஆறும் உயிருள்ளவை. மேனேஜர் எல்லாவற்றையும் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு அதே இடத்தில் பிளாஸ்டிக் மேப்பிள்களை இறக்கினார். வருஷம் பூராவும் சிவப்பு, உதிராது, சாகாது. அடுக்கும்போது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. முதல் சனிக்கிழமையே முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் ஓர் அங்கிள் இறங்கினார், ஓர் இலையைத் தடவினார், இரண்டு மரம் வாங்கினார். போகிறபோது என்னை மெச்சிக்கொண்டார்:

"இதெல்லோ பிள்ளை உண்மையான மேப்பிள். முந்தியே வச்சிருக்கலாமே."

மூட்டை தூக்க மேனேஜர் என்னை அனுப்பவில்லை. தாவரவியல் படித்த ஒருத்தி வேண்டுமென்று அங்கேயே நிறுத்தி, வாரம் ஒருமுறை இலைகளுக்குத் தூசி தட்டச் சொல்லியிருக்கிறார்.