கிட்டுச்சாமியின் இரண்டு பைகள்

டிரான்ஸ்பார்மரிலிருந்து பிடுங்கிய பீங்கான் பீஸ் கட்டைகளைக் காக்கி பேண்டின் இரண்டு பைகளிலும் திணித்துக்கொண்டு நடக்கிறார் கிட்டுச்சாமி. நடக்க நடக்க அவை கடகடக்கின்றன. கனத்தில் பேண்ட் இறங்குகிறது. இடது கையால் மேலே இழுத்து விட்டுக்கொள்கிறார். உதவியாள் கம்பத்தில் இருக்கும்வரை அந்தக் கட்டைகளை அவர் எங்கேயும் வைப்பதில்லை. ஓவர்சியர் கேட்டாலும் கொடுப்பதில்லை.

"இது எம்பட பையில இருந்தா, மேல ஏறுனவன் பொழுதோட ஊடு போய்ச் சேருவானுங்க."

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரர், லைன்மேன், ஐம்பதைத் தாண்டியவர். கல்பாத்தியை அடுத்த எங்கள் அக்ரகாரத்தில் மழையில் மரம் சாய்ந்தாலும், காற்றில் கம்பி அறுந்தாலும் அவர்தான் வர வேண்டும். கரண்டைக் கொடுத்ததும் போய்விட மாட்டார். தெருவின் கடைசி வீட்டு வாசலில் நின்று, "பேன் சுத்துதுங்களா?" என்று கேட்பார். விளக்கு எரிகிறது என்று சொன்னால் போதாது. "லைட்டு அரைகுறைக் கரண்ட்டுக்கும் எரியுமுங்க. பேனைப் பாத்துச் சொல்லுங்க."

அந்தக் கடைசி வீடு எங்களுடையது. சின்ன வயதிலிருந்து கேட்ட கேள்வி அல்ல அது. அவர் இங்கே மாற்றலாகி வந்து எட்டொன்பது வருடம்தான் இருக்கும். ஆனாலும் நான் வேலை பார்க்கும் மஸ்கட்டில் என் குடியிருப்பில் விளக்கு அணைந்ததாக நினைவில்லை, வாசலில் வந்து யாரும் எதையும் கேட்டதாகவும் நினைவில்லை. பாலக்காட்டில் புயல் எச்சரிக்கை என்று போனில் பார்த்தால் போதும், அவரைக் கூப்பிட்டுவிடுவேன்.

"ஏனுங்க தம்பி, இங்க மேகமே கூடலீங்க. நீங்க அங்கிருந்தே மரத்தைச் சாச்சுப்போடுவீங்களாட்ட இருக்குது."

அலுத்துக்கொள்வார். மரம் சாய்ந்தால் அவரே கூப்பிடவும் செய்வார்.

தேர் நாளில் அவருக்கு வேலை இன்னொரு விதம். தெருவின் குறுக்கே போகும் கம்பிகளைத் தேருக்கு முன்னால் அவிழ்க்க வேண்டும். தேர் தாண்டியதும் கட்ட வேண்டும். அன்று காலையில் வீடு வீடாக வருவார். "ஊட்ல ஆருக்காச்சும் முடியலீங்களா? மெசின் ஏதாச்சும் ஓடுதுங்களா?"

போன வருடம் என் அம்மா சேஷம்மாள், "ஒண்ணும் இல்லை, நீ கம்பியை அவுத்துக்கோ" என்று சொல்லிவிட்டாள். உள்ளே அப்பா பஞ்சாபகேசனின் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்தது. மெஷின் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தெருவில் யாருக்கும் தெரியாது. அன்று விடிகாலை வந்து இறங்கிய நான் அப்போது ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தேன், அவர் போன பிறகுதான் திரும்பினேன். தேர் தாண்டுகிற நேரத்துக்கு மெஷினின் பேட்டரி தாங்கும் என்பது அம்மாவின் கணக்கு.

தேர் தாண்டவில்லை. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு முன்னால் சாக்கடை மூடிய பலகைக்கல் உடைந்து, சக்கரம் உள்ளே இறங்கிவிட்டது. பின்னாலிருந்து முட்டித் தள்ளும் யானையும் நின்றுவிட்டது. கட்டைகளை வைத்து நெம்பிக்கொண்டே இருந்தார்கள். உள்ளே மெஷின் கீச்சிட ஆரம்பித்தது. அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள்.

"கிட்டுச்சாமி, அவருக்கு மூச்சு வாங்கறதுடா!"

"ரெண்டு நிமிஷம் கரண்டைப் போட்டா என்ன குறைஞ்சா போறது?" என்று யாரோ கத்தினார்கள்.

கிட்டுச்சாமியின் இரண்டு கைகளும் இரண்டு பைகளையும் பொத்திக்கொண்டன. "ஆளு மேல இருக்கறானுங்க. ஆகாதுங்க." பிறகு அம்மாவிடம், "உங்க கொல்லைக்குப் பின்னால ஆரு ஊடுங்க?"

"பின்தெருப் பவ்யாவோட ஆம்."

"அது வேற டிரான்ஸ்பார்மருங்க. அங்க கரண்டு இருக்குது."

வடம் பிடித்துக்கொண்டிருந்த இருவரை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினார்கள். நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தது கிட்டுச்சாமி. மெஷினை நான் சுமந்தேன். கூடம், அடுக்களை, கிணற்றடி எல்லாம் பீங்கான் கடகடத்தது. பவ்யா பாதி அரைத்த தேங்காயோடு மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கி இடம் கொடுத்தாள். அப்பாவின் உதட்டில் ஏறியிருந்த நீலம் மெல்ல வடிந்தது.

"எங்களாலே தேர் நின்னுதுன்னு பேச்சு வரப்படாதேன்னு பயந்தேன்" என்றாள் அம்மா.

"தேரு நின்னாத் தள்ளறதுக்கு ஆனை இருக்குதுங்கம்மா. இந்தச் சாமிக்கு மூச்சு நின்னா எந்த ஆனை வருமுங்க? நான் எதுக்குங்க ஊடு ஊடா வந்து கேக்கறேன், பொழுது போகாமயா?"

பேண்டை இழுத்து விட்டுக்கொண்டு கம்பத்தடிக்குப் போய்விட்டார்.

"வையறதுக்குக் கூட 'ங்க' போடறானே" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த வருடமும் தேருக்கு வந்திருந்தேன். அவர் வாயைத் திறக்கும் முன்பே அம்மா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, "ஓடறது கிட்டுச்சாமி, நன்னா ஓடறது!" என்றாள். அப்பாவைப் பின்வீட்டுக்குக் கொண்டுபோய் உட்கார வைத்த பிறகுதான் பீஸைப் பிடுங்கினார். தேர் இம்முறை எங்கும் நிற்காமல் போயிற்று. கம்பியைக் கட்டி, கரண்டைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தார். அதற்குள் அப்பாவைக் கூடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்திருந்தோம்.

"பேன் சுத்துதுங்களா?"

"சுத்தறது" என்றேன். என் பேச்சை எடுத்துக்கொள்ளாமல் கதவோரம் தலையை நீட்டி உள்ளே பார்த்தார். குழாயோடு பேச முடியாத அப்பா ஒரு விரலை உயர்த்திக் காற்றில் வட்டம் போட்டார், வேகவேகமாக.

கிட்டுச்சாமி அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காலியான இரண்டு பைகளையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, இறங்காத பேண்டை மேலே இழுத்து விட்டுக்கொண்டார்.