நிற்காத பூமழை

சுவிஸின் லாங்கன்தாலில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் பழுதான மின்சுற்றுப் பலகைகளைத் திருத்துவது தவச்செல்வனின் வேலை. அதனால் தன் கைமேல் அவருக்குக் கொஞ்சநஞ்ச நம்பிக்கையல்ல. தங்கை கஜலக்சுமி, தன் மகள் சரணியா பெரியபிள்ளையானதற்கு எடுக்கும் சாமத்தியவீட்டுக்கு மண்டபம் பிடித்ததும், யாரும் கேட்காமலே, “பூமழை தாய்மாமன் பொறுப்பு” என்று அறிவித்துவிட்டார்.

பிள்ளை உட்காரும் கதிரைக்கு மேலே ஒரு துணித்தாமரை. உள்ளே பூவிதழ்கள், அடியில் துளைத்தட்டு, அதைச் சுழற்ற ஒரு சின்ன மோட்டர். சோடி சோடியாக வரும் பெண்கள் விளக்குத்தட்டைச் சுற்றி ஆலாத்தி எடுத்து முடிய, ஒவ்வொரு முறையும் அவர் பொத்தானை அழுத்துவார். ஒரு கைப்பிடி பூ விழுந்து மோட்டர் தானே நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் சுழல்வது, எப்போது நிற்பது என்ற புரோகிராமைச் சரணியாவே எழுதினாள். பள்ளிக்கூடத்தில் பழகியது. அந்த விழாவில் அவளுக்குப் பிடித்திருந்த ஒரே காரியமும் அதுதான்.

வயரிங் மாமாவுடையது. புரோகிராம் ஓடும் மைக்ரோகன்ட்ரோலரின் மெல்லிய மின்னோட்டம் மோட்டரைச் சுழற்றக் காணாது. இடையில் ஒரு ட்ரான்சிஸ்டர் நின்று, அந்தச் சிறு கட்டளைக்குப் பற்றரியின் பெரிய ஓட்டத்தைத் திறந்து மூடும். மூடும் கணத்தில் மோட்டர் மின்னழுத்தத்தைத் திருப்பி உதைக்கும். அந்த உதையை வாங்கிக்கொள்ள மோட்டருக்குக் குறுக்கே ஒரு டயோட் வேண்டும். தவச்செல்வனுக்கு இது தெரியாததா? வேலையிடத்திலிருந்து டயோட் கொண்டுவர மறந்துவிட்டார். போடாமலே ஓட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைப்பானேன் என்று விட்டுவிட்டார்.

முதல் சில ஆலாத்திகளுக்கு அளவாகப் பூ விழுந்தது, சனம் கைதட்டியது. பிறகு ஒருமுறை மோட்டர் நிற்கவே இல்லை. இருந்த பூவெல்லாம் ஆலாத்தித் தட்டின்மேல் கொட்டி விளக்கு அணைந்தது. “ஐயோ, அபசகுனம்” என்றது ஒரு குரல். கஜலக்சுமியின் முகம் கறுத்தது. தவச்செல்வன் பாய்ந்துபோய்ப் பற்றரியைப் பிடுங்கினார். என்ன நடந்தது என்று கேட்டு அறிவிப்பாளர் மைக்கை நீட்டினார்.

“வயரிங் எல்லாம் சரி. பிள்ளை எழுதின புரோகிராம்தான் பிழைச்சுப்போச்சு. சின்னப்பிள்ளைதானே!”

மண்டபம் சிரித்தது. சரணியா தலையைக் குனிந்துகொண்டாள். சாமத்தியப் பெண் குனிந்திருப்பது முறைதானே, யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

தவச்செல்வன் மேடைக்குப் பின்னால் போய் ட்ரான்சிஸ்டரைத் தொட்டார். சுட்டது. உதைபட்டு, மூட முடியாமல் செத்துக் கிடந்தது. புரோகிராம் ‘நில்’ என்று எத்தனை தரம் சொல்லியிருந்தாலும் அது கேட்டிராது. பந்தி முடியும்வரை அவர் அங்கேயே நின்றார். தன் மானம் காக்க, ஒரு பிள்ளையின் மானத்தை அவளுடைய நாளிலேயே வாங்கிவிட்டாரே. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியாத வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

கனத்த சேலையோடு சரணியா லாப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“மாமா, எல்லா வரியும் பாத்திட்டன். பிழையைக் காணேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“உன்னிலை பிழை இல்லையம்மா. நான்தான் டயோட் போடாமல் விட்டனான். பிழை என்ரை.”

அவள் அழவில்லை. லாப்டொப்பை மூடினாள்.

“நீங்கள் மைக்கிலை சொன்னது வீடியோவிலை கிடக்குமெல்லோ, மாமா?”

வாசலில் சனம் ஜக்கெட் மாட்டிக்கொண்டிருந்தது. வீடியோக்காரர் விளக்குகளை மடக்கிக்கொண்டிருந்தார். தவச்செல்வன் கஜலக்சுமியையும் கூட்டிக்கொண்டு போய்க் கமெராவுக்கு முன்னால் நின்றார்.

“வாழ்த்துச் சொல்லப்போறியளோ அண்ணை?” என்று கேட்டார் வீடியோக்காரர்.

“இல்லைத் தம்பி. பிள்ளைக்குமேலை ஒரு பொய் சொல்லிப்போட்டன். உண்மையைச் சொல்லுறன், எடுங்கோ.”