கோரை மூலைக் கானாங்கோழிகள்

இன்று காலை எங்கள் பிரிக்பீல்ட்ஸ் சந்துக்குள் கொசுப் புகை அடிக்கும் இளைஞர்கள் வந்தார்கள். "அங்கிள், கதவ சாத்திட்டு உள்ள போங்க லா, பொகை அடிக்கப் போறோம்" என்றான் ஒருவன். நான் சாத்தவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வாசலிலேயே நின்றேன். டீசல் வாடை மூக்கில் ஏறியதும் இருமல் வந்தது. இருமலின் பின்னாலேயே ஒரு குளமும் வந்தது.

குளம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். செங்கல்லுக்கு மண் வெட்டிய பள்ளத்தில் மழைநீர் நின்றது, அவ்வளவுதான். ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால், கோரைப் புல் மண்டிக் கிடக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வந்து, சுகாதார அலுவலகம் ஒன்றில் கிராணியாகச் சேர்ந்திருந்தேன். எழுத்தருக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். பட்டம் பெற்றவனைக் கிராணி என்று அழைப்பதா என்று உள்ளுக்குள் புழுங்குவேன். அந்தப் புழுக்கத்தோடு வெயில் புழுக்கமும் சேர்ந்தாலும் கோட்டைக் கழற்ற மாட்டேன்.

ஞாயிறு மாலைகளில் அதே கோட்டோடு குளக்கரையில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு உட்காருவேன். கேட்டவர்களிடம் காற்று வாங்குவதாகச் சொன்னேன். உண்மையில் கானாங்கோழிகளைப் பார்க்கப் போனேன். மலாய்க்காரர்கள் அதன் குரலையே பெயராக்கி 'ருவாக்-ருவாக்' என்பார்கள். முதுகு கறுப்பு, முகமும் மார்பும் சலவை வேட்டியின் வெளுப்பு. நடக்கும்போது வாலை வெடுக்கென்று தூக்கும். எங்கள் தலைமைக் கிராணி மேசைமேல் கோப்புகளை வீசிவிட்டுத் திரும்பும் தோரணையும் அதுவே. இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை, நண்பரே. இப்போது சொன்னால் பாதகமில்லை.

மலேரியாவுக்கு அஞ்சாத வீடு அன்று இல்லை. வாரந்தோறும் ஆட்கள் முதுகில் தகரத் தொட்டி சுமந்து வந்து தேங்கிய நீரிலெல்லாம் கறுப்பு எண்ணெய் தெளிப்பார்கள். கொசுப்புழு அதன் கீழே மூச்சு முட்டிச் சாகும். எந்தக் குளத்துக்கு எந்தக் கிழமை என்று தட்டச்சு செய்தவன் நானே. தேவையான வேலை, அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் ஒரு மாலை, பிறந்து இரண்டு நாள்கூட ஆகாத கானாங்குஞ்சுகள் கோரையோரத்தில் எண்ணெயில் தோய்ந்த பஞ்சுருண்டைகளாக மிதந்தன. தாய் ஒவ்வொன்றையும் அலகால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிவிட்டேன்.

சில வாரங்களில் அதே மூலையில் மறுபடியும் முட்டைகள். அவை பொரித்த மறுநாளே தொட்டிகள் வந்தன. நான் கரையில் குறுக்கே நின்று, "இந்த மூலையில் தெளிக்கக் கூடாது" என்றேன்.

"யாரு சொன்னது, தொரையா?" என்றார் மண்டோர், அந்த ஆட்களின் மேற்பார்வையாளர்.

"நான் சொல்கிறேன்."

"நல்லா இருக்கே! ஊத்தச் சொல்லி டைப் அடிச்சதே நீங்கதானே, கிராணி ஐயா!"

ஆட்கள் சிரித்தார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு மரியம்மா கேட்டதைத்தான் சிரிப்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"எம்புள்ள இப்பதான் காய்ச்சல் விட்டு எந்திரிச்சு உக்காந்திருக்கான். மறுபடி வந்தா உங்க கோழியா வந்து கஞ்சி ஊத்தும்?"

நியாயமான கேள்வி. "மூலைக்குக் குறுக்கே மூங்கில்களைக் கட்டி மிதக்கவிடுகிறேன் அம்மா, எண்ணெய் உள்ளே வராது. உள்ளே இருக்கும் புழுவை நானே அள்ளுகிறேன். தினமும் நீங்களே வந்து பாருங்கள். ஒரு புழு கிடைத்தாலும் என் கையாலேயே எண்ணெய் ஊற்றுகிறேன்."

"நீங்களா? இந்தக் கோட்டப் போட்டுக்கிட்டா?"

கழற்றினேன். மண்டோர் ஒரு வாரம் தவணை கொடுத்தார். எனக்காக அல்ல, வேடிக்கைக்காக.

காலையும் மாலையும் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, முழங்கால் நீரில் நின்று, மெல்லிய துணியால் புழு வடித்தேன். என் ஆங்கில இலக்கியப் படிப்பு அங்கே ஒரு காசுக்கும் உதவவில்லை. "கொசுக் கிராணி! கொசுக் கிராணி!" என்று கரையில் கூச்சல். பெயர் அலுவலகம்வரை நடந்து போயிற்று. "உம்ம படிப்புக்கு இது அழகாய்யா? தொரை காதுல விழுந்தா வேல போயிரும்" என்றார் தலைமைக் கிராணி. விழட்டும் என்றேன்.

மரியம்மா ஒவ்வொரு மாலையும் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தோடு வந்து, தண்ணீர் மொண்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். புழு இல்லையென்றால் முகத்தில் லேசான ஏமாற்றம். நாலைந்து நாளில் கிண்ணத்தைக் கழுவிய பிறகும் அங்கேயே நின்றாள். "அந்தக் கடைசிக் குட்டி நொண்டுது, பாத்தீங்களா? ஆத்தாக்காரி அதுக்குன்னு நிக்குறா பாருங்க."

எங்கள் அலுவலகத்தின் வெள்ளைக்கார அதிகாரியான துரையின் காதில் விழுந்தது. வந்தார். நீண்ட கைப்பிடிக் கரண்டியால் இங்கும் அங்கும் மொண்டார். என் வேலை அந்தக் கரண்டிக்குள் ஆடிக்கொண்டிருந்தது. மரியம்மா முந்திக்கொண்டாள்: "தொர, நான் தெனம் பாக்குறேன். ஒண்ணுமில்ல." அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்; என் பட்டத்துக்கு அதைவிடச் சிறந்த பயன் பிறகு வாய்த்ததில்லை. அவர் நீரைக் கொட்டிவிட்டு, கோரைக்குள் கறுப்பாக ஓடியவற்றைச் சற்று நேரம் பார்த்தார். மூங்கிலுக்கு வெளியே மட்டும் தெளிக்கும்படி மண்டோரிடம் சொன்னார். என்னிடம், அலுவலகத்துக்குச் சேற்றுக் காலோடு வரக் கூடாது என்றார்.

குஞ்சுகளில் சிலவற்றை உடும்பு கொண்டுபோயிற்று. உடும்போடு எனக்கு வழக்கில்லை. மற்றவை வளர்ந்து, மார்பு வெளுத்துப் பறந்தன; நொண்டியும் பறந்தது. மனிதர் காய்ச்சலில் கிடக்கையில் கோழிக்குப் பரிந்தவன் என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் உண்டு. மரியம்மாவின் கிண்ணத்தைக் கேளுங்கள் என்பதே அன்றும் இன்றும் என் பதில்.

அந்தக் குளத்தைத் தூர்த்துவிட்டார்கள். கோரை நின்ற இடத்தில் கார்கள் நிற்கின்றன. ரயில்வே வீடுகள் போயின. கணவருக்கு மாற்றலாகி ஊரை விட்டுப் போன மரியம்மாவும் காலமாகிவிட்டாள் என்று கேள்வி. இன்று புகை அடித்தவர்களை மறித்து நிற்க எனக்கு ஒரு மூலைகூட மிச்சமில்லை. கதவைச் சாத்தாமல் இருந்தேன், அவ்வளவே.

பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டுக் கூசிய அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் இந்த ஊரில் இப்போது ஒருவரும் இல்லை. அது அப்படியே அழிய நான் விடுவதாயில்லை. என் பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் போட்டே கையெழுத்திட்டுப் பழகியவன், இந்த ஒரு முறை அதை விட்டுவிட்டு இப்படி முடிக்கிறேன்:

கொசுக் கிராணி.