ஒரு பக்கம் இளைத்தவள்

நான்காவதும் பெண்ணாகப் போனதும், அப்பா குழந்தையின் முகத்தைச் சரியாகக்கூடப் பார்க்காமல் உல்துவார் என்று பெயர் வைத்தார். அவர்கள் மொழியில் 'மகன் பிறப்பான்' என்று அர்த்தம். நம் பக்கத்தில் போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அதே மனசுதான். ஐந்தாவதும் பெண்ணாகத்தான் பிறந்தது. பெரியவளான பிறகு உல்துவார் இதை மைக்கில் சொல்லியே ஊரைச் சிரிக்க வைத்தாள். "பேரை வெச்சது அவரு. மகனை அனுப்பாதது கடவுளு. நடுவுல நான் என்ன பண்ணேன்?"

மைக் அவளுக்குச் சின்ன வயதிலேயே கைக்கு வந்துவிட்டது. கசாலி ரயில் நிலையத்தில் வண்டி வருவதையும் போவதையும் அறிவிக்கிற வேலையில் சேர்ந்தாள். அங்கே தண்டவாளம் பார்க்கும் ஜுமகாலி அந்தக் குரலைக் கேட்டுக்கேட்டே மயங்கிப்போய் அவளைக் கட்டிக்கொண்டான். அதன்பிறகுதான் விருந்து நடத்தும் தொழிலுக்கு வந்தாள். அந்த ஊரில் கல்யாணம், தொட்டில் விழா, அறுபதாம் ஆண்டு என்று எது நடந்தாலும் இருநூறு முந்நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யாரை எப்போது வாழ்த்துச் சொல்ல எழுப்புவது, எப்போது ஆட விடுவது, எப்போது சிரிக்க வைப்பது எல்லாம் மேடையில் நிற்கிற அசாபாவின் பொறுப்பு. அதுவரை அது ஆண்களின் வேலை. "பெரிய மனுசனை எழுந்திரு, பேசுன்னு ஒரு பொம்பளை சொல்றதா?" என்று முனகினார்கள். அவள் சொன்னாள். அவர்களும் எழுந்தார்கள்.

மணப்பெண்ணின் முகத்திரையை விலக்கும்போது, புகுந்த வீட்டுச் சொந்தம் ஒவ்வொருவர் பேருக்கும் பெண் குனிந்து வணங்க வேண்டும். சில அசாபாக்கள் பெயரை நீட்டிக்கொண்டே போய், பெண்ணுக்கு இடுப்பு ஒடிகிற வரை விடமாட்டார்கள். கூட்டத்துக்கு அது ஒரு வேடிக்கை. உல்துவார் நாலு பெயர் ஆனதும் மாப்பிள்ளை பக்கம் திரும்பிவிடுவாள்.

"மாப்ள, ஒங்க முதுகுல கம்பியா வெச்சிருக்கு? பொண்ணோட அம்மா அங்க நிக்கறாங்க. நீங்களும் கொஞ்சம் வளையுங்க."

மாப்பிள்ளை வளைவான். பெண் வீட்டார் கைதட்டலில் கூரை அதிரும்.

உல்துவாரின் நாற்பத்தெட்டாவது வயதில், பெண்கள் குளியல் கூடத்தில் அவளுக்கு முதுகு தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த ஓரகத்தி ரிஸ்தியின் கை சட்டென்று நின்றது. ரிஸ்தி, ஜுமகாலியின் அண்ணன் ஓரின்பசாரின் மனைவி.

"இதென்னடி, கொண்டைக்கடலை மாதிரி?"

"எது?"

"இங்க. அக்குளுக்குக் கிட்ட, மாருல." ரிஸ்தி நீராவிக்குள்ளேயே குரலைத் தாழ்த்தினாள். "யார்கிட்டயும் மூச்சு விடாத. உப்பை வறுத்து ஒத்தடம் குடு, கரைஞ்சிடும்."

"கரையலேன்னா?"

"கரைஞ்சிடும்னு நெனச்சுக்க. வேற என்ன பண்ணப் போற? அந்தச் சின்னப் பய டாக்டர்கிட்ட போய்த் தொறந்து காட்டப் போறியா?"

மறுநாள் காலையில் உல்துவார் போய், அந்தச் சின்னப் பையன் டாக்டரிடம் திறந்து காட்டினாள். அவன்தான் காது சிவந்தான், அவள் சிவக்கவில்லை. அவன் கிசில்ஓர்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தான். அங்கே இடது மார்பை எடுத்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் குல்பாஷ் என்று ஒருத்தி. ஆற்றங்கரையில் நெல் போடுகிற கிராமத்துக்காரி, உல்துவாரைவிட இளையவள், உரித்த வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துபோயிருந்தாள். கட்டி பெரிதாகிப் புண்ணாகி, மேலே ஒட்டகக் கம்பளி வைத்துக் கட்டிக்கொண்டு அறுவடை முழுவதும் வயலில் நின்றிருக்கிறாள்.

"ஏன் குல்பாஷ் யார்கிட்டயும் சொல்லல?"

"என்னன்னு சொல்றது அக்கா? வயித்து வலின்னா சொல்லலாம். பல்லு வலின்னா சொல்லலாம். இதை எந்த வாயால சொல்றது? வீட்ல மாமனார் இருக்காரு, மூத்தார் இருக்காரு."

"புருசன்கிட்ட?"

"சொன்னேன். ஆம்பள டாக்டரா இருந்தா வேணாம்னாரு. பொம்பள டாக்டர் வருவாங்கன்னு காத்திருந்தோம்."

பேசி முடிக்கும்போது குல்பாஷ் சிரித்தாள். அந்தச் சிரிப்பை உல்துவாரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குளிர் முடிவதற்குள் குல்பாஷ் இறந்துபோனாள். மருந்தில் முடி கொட்டி, தலையில் துணி சுற்றிக்கொண்டு உல்துவார் துக்கம் விசாரிக்கப் போனாள். வந்தவர்களிடமெல்லாம் வீட்டார் "வயித்துல ஏதோ கோளாறு" என்றுதான் சொன்னார்கள். செத்த பிறகும் அந்த உறுப்பின் பெயரைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் உல்துவாருக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு காய்ந்து கோபம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. மூத்தார் ஓரின்பசார் ஊர் முழுக்க "தம்பி சம்சாரத்துக்கு ரத்தக் கொதிப்பு" என்று சொல்லி வைத்திருந்தார். கேட்டதற்கு, "குடும்பத்துல பொண்ணு எடுக்கணும் குடுக்கணும். ஊரு நாலு விதமா பேசும்" என்றார். அந்த ஊர் நாக்கில் எப்போதும் நிற்கிற ஒரு வார்த்தை உண்டு: உயாத். வெட்கக்கேடு. பெண் உரக்கச் சிரித்தால் உயாத், உட்காரும்போது முட்டி தெரிந்தால் உயாத், இப்போது உடம்புக்கு வந்ததும் உயாத்.

முடி கட்டையாக முளைத்ததும் உல்துவார் மேடைக்குத் திரும்பினாள். மருந்துக்கடையில் விற்கிற ரப்பர் மார்பு வேர்த்து ஒட்டியது. அதனால் பருத்தித் துணியில் பை தைத்து, பனிவரகு நிரப்பி உள்ளே வைத்துக்கொண்டாள். கனமும் சரியாக இருந்தது, ஆடினால் இயல்பாக ஆடவும் செய்தது. ஜுமகாலி அதைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "கோழிங்க கண்ணுல பட்டுடாம பாத்துக்க" என்றான். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

வசந்தத்தில் அப்சத்தாருக்கு அறுபதாவது ஆண்டு விருந்து. அரிசி ஆலையில் மேலாளராக இருந்தவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் வேலை பார்த்தவர்கள். உல்துவார்தான் அசாபா. நடுவில் இரண்டு பாட்டுப் பாட ஜராஸ் வந்திருந்தான். பெண்டாட்டி ஜோக், மாமியார் ஜோக் இவற்றைப் பாட்டுக்கு நடுவில் செருகிப் பேர் வாங்கியவன். அவன் வீடியோக்களைக் கைப்பேசியில் பார்க்காதவர்கள் அந்த மாவட்டத்தில் இல்லை. ரத்தக் கொதிப்பு என்ற கதையை யாரும் நம்பவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

முதல் பாட்டு முடிந்ததும் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"நம்ம உல்துவார் அக்கா டவுனுக்குப் போய் இளைச்சு வந்திருக்காங்க, பாத்தீங்களா? என்ன, கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க. ஒரு பக்கம் மட்டும் இளைச்சிருக்காங்க!"

ஆண்கள் மேஜைகளில் சிரிப்பு வெடித்தது. பெண்கள் தட்டைப் பார்த்துக் குனிந்தார்கள். அவர்கள் நடுவே ஓரின்பசாரின் மனைவி ரிஸ்தி முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து வேகவைத்த ஆட்டுக்கறி பெரிய தட்டுகளில் வந்துகொண்டிருந்தது. எந்தத் துண்டு யாருக்கு என்பது அங்கே கண்டிப்பான கணக்கு: தலை பெரியவருக்கு, நெஞ்சுக்கறி வீட்டு மருமகனுக்கு.

உல்துவார் தன் மைக்கோடு மேடையிலிருந்து இறங்கினாள். அப்சத்தார் உட்கார்ந்திருந்த தலை மேஜைக்கு நேராக நடந்தாள். எல்லோரும் பார்க்க, சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டுப் பனிவரகுப் பையை எடுத்து, நெஞ்சுக்கறித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மருமகனுக்கு நெஞ்சுக்கறி குடுக்கறது நம்ம வழக்கம். என்னோடத டாக்டர் எடுத்துக்கிட்டாரு. எந்த வீட்டு மருமகனோ, நான் விசாரிக்கல."

ஒரு மூலையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு அந்த வரிசையே சிரித்தது. உல்துவார் கையைத் தூக்கினாள்.

"ஜராஸ், நீ சொன்னது சரிதான், தம்பி. ஒரு பக்கம்தான் இளைச்சிருக்கேன். புத்துநோய். மாருல. பேரைச் சொல்லிட்டேன், கூரை இடிஞ்சு விழல பாருங்க. என் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி இருந்தா. வெக்கப்பட்டுக்கிட்டு அதை மூடி மூடி வெச்சா. இப்ப மண்ணு அவளை மூடியிருக்கு. இங்க ஒக்காந்திருக்கற பொண்ணுங்க எல்லாம் வீட்டுக்குப் போய்க் கையை வெச்சுப் பாருங்க. கட்டி இருந்தா ஓடுங்க. டாக்டர் ஆம்பளையா பொம்பளையான்னு பாத்துக்கிட்டு நிக்காதீங்க."

"மைக்க நிறுத்து!" என்று யாரோ கத்தினார்கள். மண்டபக்காரர் நிறுத்தினார். ரயில் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை அது. மைக் இல்லாமலே கடைசி மேஜை வரைக்கும் கேட்டது.

"ஆம்பளைங்க நீங்க, ஒங்க வீட்டுப் பொம்பளைங்கள நீங்களே கூட்டிட்டுப் போங்க. அவங்க செத்தா அழுவீங்கல்ல? அதுக்கு முன்னாடி பஸ் ஏத்தி விடுங்க."

"உயாத்!" என்றபடி ஒரு பெரியவர் எழுந்து வெளியே போனார். அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். அப்சத்தார் தட்டைப் பார்த்தபடியே, "மொதல்ல அதை மேஜையிலேருந்து எடு" என்றார். உல்துவார் எடுத்தாள். அவசரப்படாமல் இருந்த இடத்தில் வைத்துச் சரிசெய்துகொண்டு, "அடுத்ததா வாழ்த்துச் சொல்ல, ஐயாவோட பெரிய சம்பந்தி" என்றாள். சம்பந்தி எழுந்தார்.

அந்தக் காட்சி மறுநாளே கைப்பேசி கைப்பேசியாகப் பரவியது. பேசி வைத்திருந்த விருந்துகள் ஒவ்வொன்றாக நழுவின. பொண்ணுக்குக் காய்ச்சல் என்றார்கள், தேதி தள்ளிப் போகிறது என்றார்கள். தேதி தள்ளாமலே வேறு அசாபாவை வைத்து அந்த விருந்துகள் நடந்ததை உல்துவார் கேள்விப்பட்டாள்.

ஓரின்பசார் ரிஸ்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். உல்துவார் பால் ஊற்றித் தேநீர் கொடுத்தாள். அவர் கிண்ணத்தைத் தொடவில்லை.

"ஒரு வீடியோ எடு. கழுத்து வரைக்கும் மூடிக்க. தலையில துணி போட்டுக்க. பெரியவங்க முன்னாடி தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு சொல்லு. அவ்வளவுதான், முடிஞ்சுபோகும்."

"ஜராஸும் எடுக்கறானா, பெரியத்தான்?"

"அவன் எதுக்கு? அவன் தமாஷுக்குச் சொன்னான்."

"நானும் தமாஷ்தான் பண்ணேன். என்னோடதுதான் நல்லா இருந்துச்சு."

ஓரின்பசார் தம்பி பக்கம் திரும்பினார். "நீ என்னடா, வாய்ல கொழுக்கட்டையா?"

ஜுமகாலி தரையைப் பார்த்தான். "சொல்லித்தான் தொலையேன் உல்துவார். ரெண்டு வார்த்தை. வாய்ல இருந்து போறதுதானே" என்றான்.

மூத்தார் சொன்னது அவளைத் தொடவில்லை. புருசன் சொன்னது தைத்தது. "சரி, எடுக்கறேன்" என்று எழுந்தாள். ஓரின்பசார் அப்போதுதான் தேநீரை வாயில் வைத்தார்.

துணி போட்டுக்கொள்ளவில்லை. கட்டை முடியோடு ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கைப்பேசியைச் சர்க்கரை ஜாடிமேல் சாய்த்து வைத்தாள். பேசியது கொஞ்சம்தான்.

"என்னை மன்னிப்புக் கேக்கச் சொல்றாங்க. கேக்கறேன். குல்பாஷ், என்னை மன்னிச்சிடும்மா. ஒன் துக்கத்துக்கு வந்தப்போ, வயித்துக் கோளாறுன்னு அவங்க சொன்னாங்க. நானும் தலையை ஆட்டிட்டு, ரொட்டி சாப்ட்டுட்டு வந்தேன். அன்னிக்கே அங்கயே நான் சத்தம் போட்டிருக்கணும். வேற யார்கிட்டயும் எனக்குக் கேக்க மன்னிப்பு இல்ல. உல்துவார் பேசறேன், கசாலியிலிருந்து."

அனுப்பிவிட்டாள். ஓரின்பசார் கிண்ணத்தை வைத்த வேகத்தில் தேநீர் சிந்தியது. "இனிமே இந்த வாசப்படி எனக்கில்ல" என்றார். மனைவியைப் பார்த்து, "எழுந்திரு" என்றார்.

ரிஸ்தி எழுந்திருக்கவில்லை. மேஜைவிரிப்பின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க போங்க. நான் இவகூட இருந்துட்டு, காலைல ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரேன்."

"ஒனக்கு என்ன?"

"என்னன்னு தெரியாது. அதுக்குத்தான் போறேன். உப்பு ஒத்தடம் குடுன்னு இவளுக்கு யோசனை சொன்னது நான்தான். இவ அதைக் கேட்டிருந்தா இன்னிக்கு நீங்க யார்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லியிருப்பீங்க?"

அவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். ஜுமகாலிதான் எடுத்துக் கொடுத்தான். அண்ணன் போன பிறகு, சிந்தின தேநீரைத் துடைத்தான். அன்று முழுக்க உல்துவார் அவனோடு பேசவில்லை. மறுநாள் ரிஸ்தியையும் அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், வேறு புருசன்மார் யாரும் இல்லாத வராந்தாவில் தனி ஆளாக உட்கார்ந்திருந்தான். அங்கேதான் உல்துவார் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ரிஸ்திக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. கோடையில் ஊர் ஊராகப் போய் மார்புச் சோதனை செய்கிற ஆஸ்பத்திரி வண்டி வந்தபோது, முன்னெல்லாம் டாக்டர் ஈ ஓட்டிக்கொண்டிருந்த அந்த வண்டி வாசலில் வரிசை தபால் ஆபீஸ் வரை நின்றது. "அந்த உல்துவார் வண்டி" என்றே பெயர் வந்துவிட்டது. அதில் யாருக்குக் கட்டி இருந்தது, யார் பிழைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். யார் கேட்டாலும் சொல்லமாட்டாள். அவரவர் உடம்பைப் பற்றி அவரவர்தான் சொல்ல வேண்டும் என்பாள்.

பெரிய மனிதர் வீட்டு அறுபதாம் ஆண்டுகளுக்கு இன்னும் அவளைக் கூப்பிடுவதில்லை. ஜராஸ் இப்போதும் பாடுகிறான். அவள் இருக்கிற மண்டபத்துக்கு மட்டும் வரமாட்டான். ஆனால் கல்யாணப் பெண்கள் அப்பாக்களோடு சண்டை போட்டு அவளைக் கேட்கிறார்கள். அரால் என்ற ஊரிலிருந்து ஒருத்தி, "உல்துவார் அக்கா வந்தாத்தான் திரையை விலக்க விடுவேன்" என்று சொல்லி அனுப்பினாளாம்.

கடைத்தெருவில் போகும்போது முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறவர்கள் இன்றும் உண்டு. உல்துவார் நின்று, திரும்பி, சிரித்தவன் பெயரை அப்பா பெயரோடு சேர்த்துச் சத்தமாகச் சொல்லி, "வீட்ல அம்மா சௌக்கியமா? டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று கேட்பாள். பதில் வருகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரமாட்டாள்.